இடுப்பளவு புல்லில் நின்றும் மாடு ஏன் இளைக்கிறது?

உங்கள் மேய்ச்சல் நிலத்தில் இடுப்பளவுக்கு நாட்டுப் புல் நிற்கிறது. பெரும்பகுதி ஊசிப்புல், இடையிடையே கொழுக்கட்டைப்புல். ஆனாலும் மாடுகள் இளைக்கின்றன. புல்லை அரிந்து பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். கச்சாப் புரதம் 4 சதவீதம் என்று முடிவு வந்தது. நாட்டுப் புல்லுக்கு இயல்பிலேயே சத்து கிடையாதா, உழுதுவிட்டு உயர் விளைச்சல் புல்லை விதைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். விதையைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறொன்று: வயிறு நிறைந்த மாடு ஏன் இளைக்கிறது? அதற்குப் பதில் கிடைத்தால், விதைப்பதா வேண்டாமா என்பது தானாகத் தெளிந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 4 சதவீதம் தவறான எண் அல்ல. ஆனால் அது புல்லின் இனத்தைப் பற்றிச் சொல்வதைவிட, நீங்கள் புல்லை அரிந்த நாளைப் பற்றியே அதிகம் சொல்கிறது. மாடு என்ன தின்றது என்பதைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லவில்லை. தீவனப் பரிசோதனையிலும் மேய்ச்சல் நிலங்களிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். இப்படி ஒரே ஒரு முடிவுத்தாளை நம்பி நல்ல மேய்ச்சல் நிலத்தை உழுதுபோட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று. எந்தப் புல்லானாலும், நாட்டுப் புல்லோ விதைத்த புல்லோ, அதன் சத்தைத் தீர்மானிப்பதில் வயதுக்குத்தான் முதலிடம். மழைக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் வளர்ந்த கொழுக்கட்டைப்புல்லில் கச்சாப் புரதம் உலர் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அதே தூர் கதிர் விட்டு விதை உதிர்க்கும்போது பாதியாகக் குறைந்திருக்கும். காய்ந்து வைக்கோலாக நிற்கும்போது 3, 4 சதவீதம்தான் மிஞ்சும். இளம் புல் பெரும்பாலும் இலை. முதிர்ந்த புல் பெரும்பாலும் தண்டு. தண்டு நிமிர்ந்து நிற்பதற்காகச் செல்சுவர்களைத் தடிப்பாக்கி, அவற்றில் லிக்னின் என்ற மரப்பொருளை ஏற்றிக்கொள்கிறது. அந்த மரப்பொருளை மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களால் உடைக்க முடியாது. இலையில் இருந்த தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இதற்குள் விதைக்கும் வேருக்கும் போய்விடுகிறது. இடுப்பளவு புல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் பரிசோதனை முடிவைப் பார்க்காமலேயே 4 அல்லது 5 என்று ஊகித்தேன். ஊசிப்புல் அந்த உயரத்துக்கு வந்துவிட்டது என்றாலே கதிர் விட்டுவிட்டது என்று பொருள். அந்த நிலையில் சத்து குறைந்திருப்பதோடு, விதையின் கூர்முனை வாயிலும் தோலிலும் குத்துவதால் மாடுகள் அதைத் தொடவே தயங்கும்.

4 சதவீதம் என்பது ஏன் ஆபத்தான எண் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். நாம் மாட்டுக்குத் தீவனம் போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் அதன் அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்குத்தான் போடுகிறோம். நாரைச் செரிப்பவை அவை. மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பகுதியும் அந்த நுண்ணுயிர்களின் உடல்தான். அவை பெருகத் தழைச்சத்து வேண்டும். தீவனத்தில் கச்சாப் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் பசியில் மந்தமாகின்றன, நார் உடைவது தாமதமாகிறது, வயிறு காலியாவதில்லை, காலியாகாத வயிற்றோடு நிற்கும் மாடு மேலும் தின்பதில்லை. 300 கிலோ எடையுள்ள மாடு நல்ல புல்லில் உலர் எடைக் கணக்கில் ஏறக்குறைய 7 கிலோ தின்னும் என்றால், முதிர்ந்து காய்ந்த புல்லில் நான்கரை கிலோவோடு நின்றுவிடலாம். ஆக, ஒவ்வொரு கவளத்திலும் சத்து குறைவு, கவளங்களும் குறைவு. இரண்டும் சேர்ந்துதான் மாட்டை இளைக்க வைக்கின்றன. 7 என்பதைக் கத்தியால் வெட்டியது போன்ற கோடாக நினைக்க வேண்டாம். 6 முதல் 8 வரை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் 4 என்பது எந்தக் கணக்கிலும் கோட்டுக்குக் கீழேதான்.

அந்த எண் எப்படி வருகிறது என்றும் பார்த்துவிடலாம். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோகான் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறையில், புல்லில் உள்ள நைட்ரஜனை அளக்கிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கும் என்ற அடிப்படையில் அதை 6.25ஆல் பெருக்குகிறார்கள். அதனால்தான் அதற்குக் 'கச்சா' என்ற அடைமொழி. அந்த நைட்ரஜனில் எவ்வளவு செரிக்கும், எவ்வளவு நாரோடு ஒட்டிக்கொண்டு சாணத்தில் போகும் என்பதை இந்த எண் சொல்லாது. மாதிரியை அதிகச் சூட்டில் உலர்த்தியிருந்தால் நைட்ரஜன் அப்படியே இருக்கும், ஆனால் செரிக்காத பொருளாக மாறியிருக்கும். 'கச்சா நார்' என்று உங்கள் தாளில் இருக்கும் எண்ணும் 1860களில் ஜெர்மனியின் வீண்டே ஆய்வு நிலையத்தில் உருவான பழைய முறையின் மிச்சம். முதிர்ந்த வெப்பமண்டலப் புல்லில் அது நாரைக் குறைத்துக் காட்டும். பீட்டர் வான் சோஸ்ட் 1960களில் உருவாக்கிய சோப்புக்கரைசல் முறை செல்சுவரைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. அடுத்த முறை அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். செல்சுவர் நார் 55 சதவீதமா 75 சதவீதமா என்பது மாடு எவ்வளவு தின்னும் என்பதைப் புரதத்தைவிடத் தெளிவாகச் சொல்லும்.

இனி, மாதிரி எடுத்த முறை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நிலத்தில் ஒரு சதுரச் சட்டகத்தை வைத்து, அதற்குள் இருந்த புல்லைத் தரையோடு அரிந்து, அரைத்து, அளந்தேன். 5 சதவீதம் வந்தது. அந்த நிலத்துக் கிடாரிகள் எடை இழக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த எடைபோடலில் அவை கூடியிருந்தன. தராசைச் சந்தேகித்தேன். பிறகு ஒரு மூத்த மேய்ப்பர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கிடாரியின் பின்னாலேயே காலை முழுவதும் நடக்கச் சொன்னார். அது தூரின் பக்கவாட்டு இலைகளை மட்டும் நாக்கால் சுழற்றி இழுத்தது. கதிர்த் தண்டை விட்டுவிட்டது. இரண்டு தூர்களுக்கு நடுவே தரையோடு படர்ந்திருந்த பயறுவகைக் கொடியைத் தேடிப் போய்த் தின்றது. நேற்று கடித்த தூரில் துளிர்த்த இளம் தாளுக்குத் திரும்பி வந்தது. அது கடித்ததைப் போலவே கையால் பறித்துச் சேர்த்துச் சோதித்தபோது 9 சதவீதம் வந்தது. நான் அரிந்தது நிலத்தை. மாடு தின்றது வேறொன்றை. அன்றிலிருந்து தரையோடு அரிந்த மாதிரியை வைத்து மாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை.

இந்தத் தேர்வு எல்லா விலங்குக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. ஆட்டின் குறுகிய வாயும் அசையும் உதடும் ஒற்றை இலையைக்கூடப் பொறுக்கும். மாட்டின் அகன்ற வாய்க்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. அதைவிட முக்கியம், நிலத்தில் எத்தனை மாடு நிற்கிறது என்பது. இடம் தாராளமாக இருந்தால் மாடு இலையைத் தேர்ந்து தின்னும். நெருக்கடி வந்தால் தண்டையும் தின்றாக வேண்டும். அப்போதுதான் உங்கள் 4 சதவீதம் நிஜமாகவே வயிற்றுக்குள் போகத் தொடங்கும். எனவே உங்கள் நிலத்தின் பரப்பும் மாடுகளின் எண்ணிக்கையும் தெரியாமல் புல்லின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

நாட்டுப் புல் இயல்பிலேயே மட்டமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இரண்டு பகுதியாக இருக்கிறது. வெப்பமண்டலப் புற்களைக் குளிர்நாட்டுப் புற்களோடு ஒப்பிட்டால், ஒரே வயதில்கூடச் செரிமானம் குறைவுதான். சராசரி வித்தியாசம் 10 சதவீதப் புள்ளிக்கும் மேல். வெயிலைச் சிறப்பாகப் பயன்படுத்தும் வெப்பமண்டலப் புல்லின் இலையில் நரம்பைச் சுற்றித் தடித்த உறை இருக்கிறது; அது நுண்ணுயிர்களுக்கு எளிதில் வசப்படாது. அந்தப் புல் குறைந்த தழைச்சத்தில் அதிகம் வளரும் திறமையும் பெற்றது. செடிக்கு அது வரம், தின்னும் மாட்டுக்கு இழப்பு. வெப்பம் மிகுந்த நாட்களில் லிக்னின் சீக்கிரம் ஏறுவதும் உண்மை. ஆனால் நீங்கள் விதைக்க நினைக்கும் உயர் விளைச்சல் புற்களும் இதே வெப்பமண்டலக் குடும்பம்தான். அவை நிறைய விளையும். அதே வேகத்தில் முற்றும். 60 நாள் தாண்டி, ஆள் உயரத்துக்கு நிற்கும் விதைத்த புல்லைச் சோதித்துப் பாருங்கள், எண் உங்கள் ஊசிப்புல்லுக்கு அருகிலேயே வந்து நிற்கும்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மழை அதிகமான இடத்தில் புல் சத்தாக இருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் நேர்மாறு. தென்னாப்பிரிக்க மேய்ப்பர்கள் தங்கள் நிலங்களை இனிப்பு மேய்ச்சல், புளிப்பு மேய்ச்சல் என்று பிரிப்பார்கள். மழை மிகுந்து, சத்துகள் கரைந்தோடிய அமில மண்ணில் வளர்வது புளிப்பு: நிறைய வளரும், வளரும் பருவத்தில் மட்டும் மாடு தின்னும், காய்ந்தால் முகர்ந்துவிட்டு விலகும். மழை குறைந்த, சத்துள்ள மண்ணில் வளர்வது இனிப்பு: கொஞ்சம்தான் வளரும், ஆனால் காய்ந்த பிறகும் உணவாகும். ஒரே புல் இனம் இரண்டு வகை நிலத்திலும் இருக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பான சகேல் பகுதியில் 1970களின் பிற்பாதியில் டச்சு, மாலி விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வும் இதையே காட்டியது. ஆண்டு மழை ஏறக்குறைய 300 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால், புல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது நீரைவிட மண்ணின் தழைச்சத்தும், மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸும்தான். மழை குறைந்த வடக்கில் புல் குட்டையாகப் புரதம் மிகுந்து இருந்தது. மழை மிகுந்த தெற்கில் உயரமாகப் புரதம் நீர்த்துப்போய் இருந்தது. இருக்கும் தழைச்சத்து ஒரு குறிப்பிட்ட அளவுதான். புல் எவ்வளவு அதிகம் வளர்கிறதோ, அவ்வளவுக்கு அது பரவி மெலிகிறது. மழைக்காலத்தில் மந்தையை வறண்ட வடக்குக்கு ஓட்டிப்போகும் அந்நாட்டு மேய்ப்பர்களின் பழக்கத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு அப்படித்தான் எண்களாக வெளிவந்தது. வட அமெரிக்காவின் குட்டைப் புல்வெளியில் எருமைப்புல்லும் நீலக் கிராமா என்ற புல்லும் நின்றபடியே காய்ந்து, குளிர்காலம் முழுவதும் காட்டெருமைகளைத் தாங்கியதும் இதே காரணத்தால்தான். உங்கள் நிலத்தில் இடுப்பளவு வளர்ச்சி இருக்கிறது என்பதை ஒரு பெருமையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது எச்சரிக்கையாகப் படுகிறது.

புரதத்தோடு நின்றுவிடாமல் மணிச்சத்தையும் பாருங்கள். 1920களில் தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவ ஆய்வாளர் ஆர்னல்ட் தெய்லரும் அவருடைய குழுவினரும், மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைத் தேடி மென்று, அந்த அழுகலில் இருந்த பொட்டுலிசம் நஞ்சால் மடிந்ததை ஆராய்ந்தார்கள். மண்ணிலும் புல்லிலும் பாஸ்பரஸ் குறைவாக இருந்ததால்தான் மாடுகள் எலும்பைத் தேடின. எலும்புத்தூள் கொடுத்ததும் அந்தப் பழக்கம் நின்றது, எடையும் கூடியது. காய்ந்த நாட்டுப் புல்லில் பாஸ்பரஸ் பல நிலங்களில் 0.1 சதவீதத்துக்கும் கீழே போகும்; கன்றுக்குப் பால் கொடுக்கும் பசுவுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் வேண்டும். உங்கள் மாடுகள் எலும்பையோ கல்லையோ மண்ணையோ நக்கினால் உடனே கவனியுங்கள். ஆனால் மாடு பச்சைப் புல் தின்று வளரும் பருவத்தில்தான் பாஸ்பரஸ் பற்றாக்குறை வளர்ச்சியைத் தடுக்கும். காய்ந்த காலத்தில் புரதமே முதல் தடையாக இருப்பதால், அப்போது தாது உப்பு மட்டும் கொடுத்துப் பெரிய பலன் எதிர்பார்க்கக் கூடாது. இந்த வரிசையை மாற்றிச் செய்து பணத்தை இழப்பவர்கள் நிறைய.

சரி, என்ன செய்யலாம்? முதிர்ந்துவிட்ட புல்லை இளமையாக்க முடியாது. ஆனால் இளமையாக இருக்கும்போது தின்ன வைக்க முடியும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிளின்ட் ஹில்ஸ் என்ற பகுதி இன்றும் பெரும்பாலும் உழாத உயர்புல் வெளி. அங்கே நாட்டுப் புல்லை மட்டுமே தின்று காளைக்கன்றுகள் நன்றாக எடை போடுகின்றன. புரதம் ஜூலை நடுவில் சரியத் தொடங்குவதைக் கவனித்த ஆய்வாளர்கள், பருவத்தின் முதல் பாதியில் மட்டும் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு கன்றுகளை விட்டு, பிறகு நிலத்துக்கு முழு ஓய்வு கொடுக்கும் முறையை 1970களிலிருந்து சோதித்தார்கள். முதல் பாதியில் ஒவ்வொரு கன்றும் போட்ட எடை குறையவில்லை. நிலத்தின் மொத்த விளைச்சல் கூடியது. மீதிப் பருவத்தில் புல் வேரில் சத்தைச் சேமித்துக்கொண்டது. ஓய்வு இல்லாமல் இதைச் செய்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் நல்ல புல் மறைந்து களைதான் மிஞ்சும். இளம் புல்லை ஓயாமல் கடிக்க விடுவது இன்றைய சத்துக்காக நாளைய வேரை விற்பது; இந்த இழுபறியிலிருந்து எந்த மேய்ச்சல் முறைக்கும் தப்பிக்க வழியில்லை.

காய்ந்த பருவத்துக்குத் தழைச்சத்துதான் மருந்து. கொஞ்சம் பிண்ணாக்கு, பயறுவகைத் தீவனம், புரதமுள்ள மர இலைகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சிறிய அளவில் கொடுத்தாலே நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்ளும். மாடு அதே காய்ந்த புல்லை இன்னும் அதிகம் தின்னத் தொடங்கும். தானியத்தை மட்டும் தாராளமாகப் போட்டால் எதிர்மாறாக நடக்கும்: மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கும் கொஞ்சம் தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ள, நார் செரிப்பது இன்னும் குறையும். யூரியா கலந்த நக்குக்கட்டி வேலை செய்யும் என்பதும் உறுதியானதுதான். ஆனால் அளவு தப்பினால், மழையில் கரைந்து தேங்கினால், பட்டினி கிடந்த மாடு ஒரேயடியாக நக்கினால், சில மணி நேரத்தில் உயிர் போகும். கால்நடை மருத்துவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளாமல் நீங்களாகக் கலக்காதீர்கள். மர இலை விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை: தாளில் 18 சதவீதப் புரதம் காட்டும் இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமாக இருந்தால், அந்தப் புரதத்தின் ஒரு பங்கு கட்டுண்டு வெளியேறிவிடும்.

உழுது விதைப்பதைப் பற்றி. புதிதாக உழுத மண்ணில் எதை விதைத்தாலும் முதல் சில ஆண்டுகள் செழிக்கும். பல ஆண்டுகளாக மண்ணில் உறங்கிய தழைச்சத்தை உழவு விடுவிக்கிறது. நாம் அதைப் புதுப் புல்லின் மகிமை என்று எடுத்துக்கொள்கிறோம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பிரிகலோ என்ற வேல மரக் காடுகளை அழித்து விதைத்த மேய்ச்சல் நிலங்களில், அந்தத் தழைச்சத்து மீண்டும் வேரிலும் மக்கிலும் சிக்கிக்கொண்டதும் சில ஆண்டுகளில் விளைச்சலும் தரமும் இறங்கியது. விதைத்த புல் அப்படியே இருக்க, அதன் சத்து குறைந்தது. உங்களிடம் இருக்கும் அதே கொழுக்கட்டைப்புல்லை அங்கும் அமெரிக்காவின் சோனோரா பாலைவனத்திலும் கொண்டுபோய் விதைத்தார்கள்; பல இடங்களில் அது உள்ளூர்ச் செடிகளை நெருக்கி, தீயைப் பரப்பும் களையாகிவிட்டது. சொந்த மண்ணில் அருமையான புல்லாக இருப்பது அந்நிய மண்ணில் தொல்லையானது. பாசன வசதியுள்ள சிறு துண்டு நிலத்தில் வெட்டிப் போடுவதற்காக உயர் விளைச்சல் புல் வளர்ப்பது நல்ல யோசனைதான். மழையை மட்டும் நம்பிய பரந்த நிலத்தை உழுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே இருக்கும் கொடிகளும் பூண்டுகளும் சேர்ந்த கலவை போனால் திரும்ப வர மிக நீண்ட காலம் ஆகும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. நிலத்தைப் பல பட்டிகளாகப் பிரித்துச் சுழற்சியில் மேய்த்தால் புல்லின் சத்து கூடுமா? செய்துவரும் பலர் ஆம் என்கிறார்கள். ஒரே எண்ணிக்கை மாடுகளை வைத்துச் செய்த ஒப்பீட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை, தொடர் மேய்ச்சலைவிட எடை கூடியதாகக் காட்டவில்லை. பயன்பெற்றவர்கள் சுழற்சியால் பயன்பெற்றார்களா, அதன் பெயரில் நிலத்தைத் தினமும் கூர்ந்து பார்த்ததால் பயன்பெற்றார்களா என்பது எனக்குத் திறந்த கேள்வியாகவே இருக்கிறது. பச்சைப் புல் தின்ற மாட்டின் பாலில் ஒமேகா-3 கொழுப்பு, தானியம் தின்ற மாட்டின் பாலைவிடக் கூடுதல் என்பது சரி. அதிலிருந்து நாட்டுப் புல் தின்றால் பால் மருந்தாகும் என்று தாவுவதற்கு ஆதாரம் போதாது. ஆக்சலேட் என்ற உப்பைப் பற்றிய பயத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்: கொழுக்கட்டைப்புல் போன்ற சில புற்களில் அது உண்டு, குதிரைக்குச் சுண்ணாம்புச்சத்தைத் திருடி எலும்பைக் கெடுக்கும்; பழகிய மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

உங்கள் மாடுகள் இளைப்பதற்குக் குடற்புழுவோ வேறு நோயோ காரணமாக இருக்கலாம் என்பதை இங்கிருந்து என்னால் ஒதுக்கிவிட முடியாது. அதை மாட்டைத் தொட்டுப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகவே செய்யக்கூடியது இரண்டு. முதலாவது, நாளை காலை சாணத்தைப் பாருங்கள். நல்ல இளம் புல் தின்ற மாட்டின் சாணம் தட்டையாகப் பரவும். புரதம் பற்றாத மாட்டின் சாணம் கெட்டியாக, அடுக்கடுக்கான வளையங்களாகக் குவிந்து, நார் நாராகத் தெரியும். இரண்டாவது, இரண்டு மூன்று மாடுகளின் பின்னால் ஒரு மணி நேரம் நடந்து, அவை கடிப்பதைப்போலவே கையால் பறித்து, நிழலில் உலர்த்தி, புரதம், செல்சுவர் நார், பாஸ்பரஸ் மூன்றுக்கும் அனுப்புங்கள். அடுத்த மழைக்குப் பிந்தைய நான்காவது வாரத்தில் அதே இடத்தில் இன்னொரு மாதிரி எடுங்கள். முடிவுகளோடு நிலத்தின் பரப்பு, மாடுகளின் எண்ணிக்கை, பசுக்கள் எந்த மாதத்தில் கன்று ஈனுகின்றன என்பதையும் எழுதுங்கள். புல் காயும் மாதத்தில் ஈனும் பசு எந்தப் புல்லிலும் இளைக்கும் என்பதால், அந்தக் கடைசித் தகவலைத்தான் முதலில் பார்ப்பேன்.